ஒன்றுமில்லை

அறுபத்தெட்டுப் பரிசோதனைகள்,
மகளிர் தினச் சலுகை, மூவாயிரத்து இருநூறு,
ரத்தம் கொடுத்தபின் இரண்டு இட்லி, ஒரு வடை இலவசம்.
வடை ஆறிப்போயிருந்தது.
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அமைந்தகரை சிக்னல் தாண்டி, மாடியில் அந்த லேப்.
டோக்கன் முப்பத்தொன்று.
ஏகாதசி மாதிரி வெறும் வயிற்றோடு
இருபது பேர் உட்கார்ந்திருந்தோம்.
சாமி படம் இருக்க வேண்டிய சுவரில்
சிறுநீரகத்தின் படம்.

சில்லென்ற தகட்டில் மார்பை வைத்து அழுத்தி
"மூச்ச நிறுத்துங்க மேடம்" என்றாள்
நகத்தில் மருதாணி வைத்த பெண்.
நிறுத்தினேன்.
விட்டது மூன்று வாரம் கழித்துத்தான்.

இடது பக்கம். ஆறு மில்லிமீட்டர்.
அரிசி அளவு என்றார் டாக்டர்.
எந்த அரிசி, பொன்னியா இட்லி அரிசியா
என்று கேட்க வாய் வரவில்லை.

ஸ்கேன், ஊசி, ஊசிக்கு ஒரு ரிப்போர்ட், போக வர ஆட்டோ:
பால் கணக்கு நோட்டில் இருக்கிறது,
பதினோராயிரத்து நானூறு.
நோட்டில் இல்லாதவை:
எட்டாயிரம் தள்ளிச் சீட்டை அவசரமாய் எடுத்தது,
காலண்டரின் பின்பக்கம் லாக்கர் நம்பர் எழுதியது,
இனியாவை ரசம் வைக்கச் சொல்லிவிட்டு
உப்பு போதவில்லையென்று கத்தியது.
ஏன் கத்தினேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

கடைசியில் ஒரு சொல் வந்தது:
ஒன்றுமில்லை.
நான் வாங்கியதிலேயே விலை கூடிய சொல்.
"அப்ப எதுக்குப் போன?" என்றார் வீட்டுக்காரர்.

டெஸ்பாட்ச் லூர்துமேரிக்கு
அதே லேப், அதே தகடு, போன வருஷம்.
அவளுக்கு ஒன்றுமில்லை என்று வரவில்லை.
முடி இப்போது சுருட்டையாக முளைக்கிறது,
முன்பு இல்லாத சுருட்டை.
கணக்குப் பிரிவு தனசேகர்
எல்லாம் நார்மல் என்ற ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்தவர்.
போகிக்கு முந்தின நாள்
பாடி மேம்பாலத்தில் பைக்கை ஓரமாக நிறுத்தினார்.
ஸ்டாண்டு போட்டுத்தான் நிறுத்தியிருந்தார்.

நேற்று ஃபைலைக் கட்டிலடியில் தள்ளும்போது
இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது.
ரத்த அழுத்தம் நூற்று அறுபத்து நான்கு, கீழே நூற்று இரண்டு.
யாரோ பேனாவால் மெல்லிசாய்க் கோடிட்டிருந்தார்கள்.
மூன்று வாரமும் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தவள்
பக்கத்தைத் திருப்பவேயில்லை.
தெருமுனை மருந்துக்கடையில் முப்பது ரூபாய்க்குப் பார்ப்பார்கள்.
பார்த்தேன். குறையவில்லை.
கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாவே தருகிறார்கள்,
வரிசைதான் நீளம்.

இன்று அதே லேப்பிலிருந்து மறுபடி மெசேஜ்:
ஆடித் தள்ளுபடி, எழுபத்து நான்கு பரிசோதனைகள்.
புடவைக்கும் ரத்தத்துக்கும் ஒரே ஆடி.
அழிக்கப் போன கட்டைவிரல் பாதியில் நின்றது.

மதியச் சாப்பாட்டில் லூர்துவிடம் கேட்டேன்,
என் இடத்தில் நீ இருந்தா மறுபடி போவியா?
சங்கராவில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.
"என்னக் கேக்காத" என்றாள்,
"நான் போய்ட்டு வந்தவ."