செல்லாத படம்

ஜாபர்கான்பேட்டை, கழுத்தளவுத் தண்ணீர்.
அலுமினிய அண்டாவில் ஒரு நாய்க்குட்டி.
தள்ளிக்கொண்டு வந்தவள்
ஒரு கணம் கண்ணை மூடினாள்,
என் விரல் அழுந்தியது.

'பிரார்த்தனை' என்று தலைப்பிட்டது அலுவலகம்.
நான் மறுக்கவில்லை.
பரிசு வந்தது, சால்வை வந்தது,
லென்ஸுக்கு வாங்கிய கடன் அடைந்தது.

எட்டு மாதம் கழித்துத் தேடிப் போனேன்.
பெரும்பாக்கம், ஏழாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
சட்டம் போட்ட படத்தை
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள் தனபாக்கியம்.
"சாமியா? நான் எங்க கும்பிட்டேன்?
கண்ணுல டீசல் பட்டுச்சு.
நாயி நம்முளுதுகூட இல்ல.
அண்டாவ விடக் கூடாதுன்னு வந்தேன்,
அது ஏறி குந்திக்கிச்சு."

டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள்:
"இதுல மூஞ்ச மட்டும்
பாஸ்போர்ட் சைஸுல வெட்டிக் குடுப்பியா?
கார்டு எல்லாம் ஆத்தோட பூட்ச்சு.
புதுசுக்கு போட்டோ கேக்குறான்."

வெட்டினேன்.
உலகம் பார்த்த தண்ணீரெல்லாம்
கத்தரிக்கு வெளியே விழுந்தது.
நாலு பிரதி.

திங்கட்கிழமை போன்:
"கண்ணு மூடிக்கீதாம்.
செல்லாதுன்னுட்டான்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அவள் பக்கத்தில்
விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது
அவளுடையதுகூட இல்லாத நாய்.