ஒற்றைக் கையால்

கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று பலகைக் கணினிகளையும்
வரிசையாக வைக்கிறான்
சட்டையில் ஊய் என்று பெயர் தைத்த பையன்.
பிராங்கின் மால், மின்படிக்கு எதிர்க்கடை.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
மூன்றாவதன் விலைச்சீட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறான்,
மரியாதையோ, தந்திரமோ.

நாலு ஜிபி, எட்டு ஜிபி, பன்னிரண்டு ஜிபி
என்று மலாயில் ஒப்பிக்கிறான்.
எத்தனை கிராம் என்று கேட்கிறேன்.
அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடுகிறான்,
இதுவரை யாரும் கேட்டதில்லை போல.

வலக்கையால் மட்டும் எடுக்கிறேன்.
ரெண்டு கையாலும் பிடிங்க அங்கிள், விழுந்துடும்.
இடக்கை இதற்கு வராது தம்பி.
திங்கள், புதன், வெள்ளி
நாலு நாலு மணி நேரம்
ஜெலுத்தோங்கில் ஓர் இயந்திரத்துக்குச் சொந்தம் அது.
மற்ற நேரத்திலும் கனம் தூக்கக் கூடாது.
தொட்டால் தோலுக்கடியில் ஓர் உறுமல்,
அணைக்காமல் நிறுத்திய லோரி மாதிரி.
இதையெல்லாம் சொல்லவில்லை.
சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷம்
பட்டர்வொர்த்திலிருந்து கோத்தா பாருவுக்குக்
கோழித்தீவனம் ஏற்றியவன் நான்.
இப்போது யாரோ ஒருவன்
காரின் முன்கண்ணாடியில் கேமரா ஒட்டி
கெரிக்கிலிருந்து ஜெலி வரைக்கும்
வெட்டாமல் எடுத்துப் போட்டிருக்கிறான்.
பேச்சில்லை. பாட்டில்லை. வைப்பர் சத்தம் மட்டும்.
கைப்பேசியில் பார்த்தால்
அத்தனை மலையும் தீப்பெட்டிக்குள்.

மூன்றிலும் அதையே போடச் சொன்னேன்.
மலிவானதில் மூடுபனி வெறும் சாம்பல்.
வளைவு வருமுன் படம் ஒரு நொடி திக்கியது.
அந்த வளைவில் ஒரு நொடி திக்கினால்
என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
நடுவில் இருந்ததில்
யானை கடக்கும் பலகை படிக்கும்படி வந்தது.
விலையைக் கவிழ்த்ததில் மழை துளித்துளியாக,
பலகையின் துருகூடத் தெரிந்தது,
ஆனால் ஐந்தாம் நிமிஷம் மணிக்கட்டு கெஞ்சியது.

தாங்கி ஒண்ணு வாங்கிக்கலாமே என்றாள் மங்களேஸ்.
தாங்கியில் வைத்தால் அது டிவி.
கையில் இருந்தால்தான் ஸ்டீயரிங்.

ஊய் கடைசிச் சீட்டை இறக்கினான்:
இதுக்கு ஏழு வருஷம் அப்டேட் வரும் அங்கிள்,
நடுவுல உள்ளதுக்கு நாலு,
அந்த மலிவுக்கு ஒண்ணுதான், அதுவும் நிச்சயமில்லை.
ஏழு. நாலு. ஒன்று.
டாக்டர் சூல்கிஃப்ளிகூட
இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.
பக்கத்து நாற்காலி ரொஸ்லான்
போன டிசம்பரில் ஐந்து வருஷ வாரண்டியோடு
ஐஸ்பெட்டி வாங்கினார்.
பெட்டி நன்றாக ஓடுகிறது என்று
அவர் மகள் வந்து சொன்னாள்.

ஏழே எடுத்துருவோம் என்றாள் மங்களேஸ்,
சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல்.
எட்டு வெள்ளி கெம்போங் மீனுக்கு
எண்பது வார்த்தை பேசுகிறவள்.
நான் திருப்பினேன்.
இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
அவள் காதில் தோடு இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

நாலு வருஷத்தை எடுத்தோம்.
கொஞ்சம் பேராசைதான்.

திரையொட்டி இலவசம்.
ஒட்டும்போது ஒரு குமிழ் நின்றுவிட்டது.
பழைய வங்கி அட்டையால் ஊய்
தேய்த்துத் தேய்த்துத் தள்ளினான், போகவில்லை.
குமிழ் எனக்கு ஆகாது.
குழாயில் ஒன்று நுழைந்தால் இயந்திரமே அலறும்,
தாதி ஓடி வருவாள்.
இது அலறவில்லை.
பிரிச்சு வேற ஒட்டித் தரேன் என்றான்.
படத்தை ஓடவிட்டுப் பார்த்தேன்:
குமிழ் கீழ் மூலையில்,
சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்,
பள்ளத்தாக்கின் மேல்.

இருக்கட்டும் தம்பி.
அங்கே நான் ஓட்டப்போவதில்லை.