இல்லாத மூன்றரை

முப்பது, மூன்று, அதன் பின் மூன்று நட்சத்திரம்.
எந்தத் தேதியானாலும் எந்த மாதமானாலும் எந்தக் கிழமையானாலும்
அதிகாலை மூன்றரைக்கு எழுந்திரு என்று பொருள்.
நான்தான் எழுதினேன், ஹாப்சலுவில்,
மீன் பதனிடும் கூடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம்.
வாடகை குறைவு, வாடை அதிகம்.

மூன்றரைக்கு ஒரு கண்டெய்னர் பிறக்கும்.
பெயரின் வாலில் யாரும் படிக்காத ஐந்து எழுத்து.
தரவுத்தளத்தின் கதவைத் தட்டி
அன்றுவரை கரையிறங்கிய பறவைகளை,
கால்வளைய எண், எடை, சிறகின் நீளம், கண்டவர் பெயர்,
எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி
தார்த்துவிலிருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிட்டு
சாகும்.
ஆயுள் நான்கு நிமிடம். வலசைக் காலத்தில் நாலேகால்.

இதற்குமுன் ஊர்வே கையால் செய்துவந்தாள்,
வெள்ளிதோறும், ஞாபகம் இருந்தால்.
எனக்குக் காய்ச்சல் கண்ட வாரங்களை
கிடங்கின் ஓட்டைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பாள்.
அதனால்தான் காய்ச்சல் வராத ஒன்றிடம் ஒப்படைத்தோம்.

தோற்றால் என் கைபேசி அலறும்படி வைத்திருந்தேன்.
தோற்பதற்கு முதலில் தொடங்க வேண்டும்
என்பது எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு
இங்கே மூன்று மணி ஆனதும் நான்கு.
நடுவிலிருந்த அறுபது நிமிடத்தை
ஒரு நாடே தூக்கத்தில் விழுங்கிவிடும்.
ஏப்பம்கூட வராது.
என் அட்டவணை
இரண்டு ஐம்பத்தொன்பதைப் பார்த்தது,
நான்கைப் பார்த்தது.
மூன்றரை வரவே இல்லை.
வராத நேரத்துக்கு யார் எழுவார்?
எதுவும் தோற்கவில்லை, ஆகவே எதுவும் அலறவில்லை.

அதே ஞாயிறு நண்பகல்
டிஸ்க் செத்தது.
கிளஸ்டர் பதறவில்லை. கண்டெய்னர்களை
பக்கத்து இயந்திரத்துக்குக் குடிமாற்றியது,
சட்டிபானை ஒன்று விடாமல்.
போன இடத்தில் அவை கேட்டன: பறவைகள் எங்கே?

சனிக்கிழமை விடியல்வரை தார்த்துவில் இருந்தன.
அதற்குப் பிறகுதான்
தெற்குக் காற்று திரும்பியிருந்தது.
பனி விலகிய விரிகுடாவில் அன்னங்கள், ஆள்காட்டிகள்,
பெருங்கொக்கு கூட்டங்கூட்டமாய்.
வருடத்திலேயே பெரிய நாள்.
கண்காணிப்பு வரைபடம் வேறொரு டிஸ்கில் பிழைத்துக் கிடந்தது,
அதில் ஒரே ஒரு எண்:
இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.
எத்தனை என்று தெரியும், எவை என்று தெரியாது.

திங்கள் காலை தைவோ வந்தான்,
சேறு காயாத பூட்ஸ், உள்சட்டைக்குள் நோட்டுப் புத்தகம்.
அவன் பின்னால் மற்றவர்கள்.
பென்சில் எழுத்து மழைக்கு அசையாது,
பேனாக்காரர்களிடம்தான் சிரமப்பட்டோம்.
ஊர்வே வாசித்தாள், நான் தட்டினேன்.
ஏழா ஒன்றா என்று ஒரு பக்கத்தோடு
அரைமணி நேரம் மல்லுக்கட்டினோம்.
இருட்டும்போது இருநூற்றுப் பதினொன்று.

ஒன்று கிடைக்கவில்லை.
யாரோ படகுத்துறையில் நின்றபடி
கைபேசியில் நேராகப் பதிந்திருக்க வேண்டும்,
சர்வர் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நம்பி.
அந்த நம்பிக்கையை வளர்த்தது நான்.
எல்லாருக்கும் போன் செய்தோம். யாருக்கும் நினைவில்லை.

இப்போது அட்டவணை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது,
அதற்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை.
இருபத்தாறு மணி நேரத்தில் புது மூட்டை வராவிட்டால்
வராததற்கே அலறும்.
மௌனத்தைச் செய்தியாகப் படிக்க
ஒரு இயந்திரத்துக்கு ஏழு வரியில் சொல்லிக்கொடுத்தேன்.
எனக்குப் பிடிபடத்தான் ஒரு வருடம்.

மாதத்தின் முதல் வியாழன்
கிளஸ்டரில் வெற்று அறை ஒன்று திறப்பேன்.
கடைசி மூட்டையை அங்கே அவிழ்ப்பேன்.
அவிழ்த்துப் பார்க்காத மூட்டையில்
கல்லும் இருக்கலாம்.
அட்டவணைகள் வரிசையாக எழும், எண்ணிக்கை ஏறும்,
யாரும் வசிக்கப்போகாத அறையில்
பத்து வருடப் பறவைகள் வந்து இறங்கும்.

ஊர்வே திரையிலிருந்து தலை தூக்காமல் கேட்பாள்:
எல்லாம் வந்தாச்சா?

ஒன்று குறையுது, என்பேன்.

சரி அப்போ, என்பாள்.
அறையை அழிப்பேன்.