முதல் தண்ணீர்

ஆகஸ்டில் ஏரி பாசி பிடித்தது.
கிளாஸ்கோ முழுக்கத் தொலைபேசியை எடுத்தது.
ஒரே வாரத்தில் இருநூற்றுப் பதினேழு அழைப்பு:
குழாயில் மண்வாசனை,
தேநீரில் மண்வாசனை,
பல் துலக்கினால்
யாரோ வாய்க்குள் தோட்டம் கொத்திய மாதிரி.

மழை விழுந்ததும் நின்று மூச்சிழுக்கிறோமே,
அதே வாசனைதான்.
வானத்திலிருந்து வந்தால் சுகம்
குழாயிலிருந்து வந்தால் புகார்.
ஆய்வகத்தில் இஷ்பெல் ராங்கின்
குடுவையை மூக்கருகே சுழற்றி
'பீட்ரூட்' என்று எழுதிக்கொண்டாள்.
வேலை நாளில் வாசனைச் சோப்புப் போடமாட்டாள்,
காப்பி தொடமாட்டாள்.
நகரத்துக்கு நேர்ந்துவிட்ட மூக்கு.
ஒன்றும் செய்யாது என்று எல்லோருக்கும் சொன்னோம்.
உண்மையிலேயே ஒன்றும் செய்யாது.

காரீயத்துக்கு வாசனை கிடையாது.
அதற்காக அந்த வாரம் அழைத்தவர்
ஒருவருமில்லை.

தண்ணீரைப் பழிக்கக் கூடாது என்பார்கள்.
பழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
விடியுமுன் வேனை எடுத்துக்கொண்டு
பழைய செங்கல் மாடிகளில் ஏறுகிறேன்,
கையில் ஒரு லிட்டர் வெற்றுப் புட்டிகள்.
எனக்கு வேண்டியது முதல் தண்ணீர்.
இரவெல்லாம் குழாய்க்குள் படுத்திருந்து
குழாயின் குணத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்ட தண்ணீர்.

கோவன்ஹில், மூன்றாம் மாடி, இடது கதவு.
ஸ்தென்கா ஹோர்வாத்தோவா.
இடுப்பில் நாலு மாதக் குழந்தை.
முந்தின நாளே புட்டியும் கொடுத்து
தாளும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.
மேசைமேல் நிறைத்து வைத்திருந்தாள்,
வெளிப்புறம் துடைத்து, மூடி இறுக்கி.
"ஐந்து நிமிடம் ஓடவிட்டேன்" என்றாள்,
"உங்களுக்குப் போய்
நின்ற தண்ணீரைக் கொடுப்பேனா?"

வந்தவருக்கு நல்லதைக் கொடுக்கும் கை.
அந்தக் கையால் என் கணக்கு கெட்டது.
லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை போகலாம்;
அவள் புட்டியில் ஒன்று.
நகரத்திலேயே சுத்தமான பொய்.

திரும்பப் போனேன்.
அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.
குழந்தையின் பால்மாவுக்காம்,
இருபது நிமிடம், எப்போதும் இருபது நிமிடம்.
கொதித்தால் கிருமி சாகும்.
காரீயம் சாகாது,
நீர் வற்ற வற்ற
அது மட்டும் உட்கார்ந்திருக்கும்.
இதை எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
எண் வரும்வரை குழந்தைக்குக்
கடைத் தண்ணீர் கொடுங்கள் என்றேன்.
ஒரு புட்டி என்ன விலை என்று கேட்டாள்.

தெரு வரை எங்கள் குழாய்.
சுவருக்கு உள்ளே வீட்டுக்காரருடையது.
வீட்டுக்காரர் ஸ்பெயினில், வெயிலில்.
தண்ணீர் மட்டும்
கோடு எங்கே என்று கேட்காமல்
ஏறி வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை, ஐந்து நாற்பது.
கதவு திறந்தே இருந்தது.
ரொட்டிச் சாலையில் இரவு வேலை முடித்து
அவள் கணவன் யோஸெஃப் வந்திருந்தான்,
முழங்கை வரை மாவு.
கழுவவில்லை.
தாகமாக இருந்ததும் தெரிந்தது,
உதட்டை நக்கிக்கொண்டே நின்றான்.
ஸ்தென்கா குழாயின்மேல் கைவைத்து நின்றாள்,
இரவு பதினொன்றிலிருந்தே
அப்படி நிற்பவள் போல.
கழிப்பறைத் தொட்டிகூட நிரம்பவிடவில்லையாம்.

புட்டியை நீட்டினேன்.
அவள் கையை எடுத்தாள்.

விழுந்தது.
வாசனையில்லை, நிறமில்லை.
விளக்கில் பிடித்துப் பார்த்தான் யோஸெஃப்,
கொஞ்சம் ஏமாந்தவனாக.
"நன்றாகத்தானே இருக்கிறது?"

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.
இருநூற்றுப் பதினெட்டாவது.
மண்வாசனைதான்.
அடிக்கவிட்டு
மூடியை இறுக்கினேன்.