வெளியே: பென்சிலில்

மணலியில், ஆலைக்குள் அந்த அறை.
இணையம் எட்டிப் பார்க்கக்கூடாது.
போனை வாங்கி வைத்துக்கொண்டு
பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"சாவி மாதிரி, ஒன்று" என்று
பதிவேட்டில் எழுதுகிறார் ஜெபமணி.

பதினொரு கோப்பு கொண்டுபோயிருந்தேன்.
பன்னிரண்டாவது எங்கே என்கிறது லினக்ஸ்;
தாய்மாமனுக்குத் தனிப் பத்திரிகை வைக்கலையா
என்று முறுக்கிக்கொண்ட சம்பந்தி.

மறுபடி வாசல். கையெழுத்து.
டேங்கர் லாரிகளுக்கு நடுவே
டீக்கடைத் தகரத்தடியில்
நாலு எம்பி இறங்குவதற்குள்
மழை வந்து நின்றும் விட்டது.

உள்ளே போனால்
பதின்மூன்றாவது.

மூன்றாம் நாளிலிருந்து
ஜெபமணி பெயர் கேட்பதில்லை.
நுழைந்த நேரத்தைப் பேனாவில் போட்டுவிட்டு
பக்கத்துக் கட்டத்தில்
நான் வெளியே வரப்போகும் நேரத்தையும்
பென்சிலால் குறித்துவைக்கிறார்.
இதுவரை பத்து நிமிஷம்கூடப் பிசகியதில்லை.