பதினொரு கிலோ

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
சோற்றை விட்டு ஆறு வாரம்.
பன்னி சௌ கடையைத் தாண்டும்போது
கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன்.

முதலில் தராசு என் கட்சிதான்.
மோதிரம் சோப்பு இல்லாமலே கழன்றது.
"எத்தனை கிலோ?" என்றாள் கோகிலாம்பாள்.
சீப்பில் எவ்வளவு முடி என்று
அவளும் கேட்கவில்லை.

புரட்டாசி பிறந்தது.
இனி கறியும் கிடையாது.
காலிஃபிளவரைத் துருவி
அரிசி என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
அது திரும்பிப் பார்க்கவில்லை.

சர்க்கரை மாத்திரையைக் குறைக்கலாமா என்று
யாரிடமும் கேட்காமல்
அதே அளவில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.
சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட் வரிசையில்
தரை மெல்ல எழுந்து வந்தது.

கிளினிக்கில் நர்ஸ் தண்டெக்கா
ஆரஞ்சு ஜூஸை உதட்டில் வைத்தபடி
ஸூலுவில் திட்டினாள்.
ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

டிசம்பரில் பதினொன்றும் வீடு திரும்பின,
கூடவே இரண்டு விருந்தாளிகள்.
மோதிரம் சுண்டுவிரலுக்குக் குடிபோயிற்று.