பதினோரு ஆணிகள்

எஞ்சின் கிடக்கும் இடத்துக்கு
வேலியில்லை, பாதையில்லை.
மூட்டம் விலகும் நாளில் அலுமினியம் பளிச்சிடும்;
தண்ணீரென்று நினைத்து
ஏறிப் போகும் என் ஆடுகள்.

ஹெதர் புதர் துளைத்து வளர்ந்த இறக்கையடியில்
போன ஏப்ரலில் ஒரு கருமூஞ்சிக்காரி
இரட்டைக் குட்டி ஈன்றாள்.
காற்றுக்கு மறைவு. அவளுக்கு அது போதும்.

ஏழு பேர்.
வரைபடம் சொன்னதைவிட
நூறடி கூடுதலாய் நின்றிருந்தது குன்று.
ஆறு பேர் அங்கேயே.
வால்பக்கத் துப்பாக்கிக்காரன் ஆர்வில் ஸ்ட்ராக்கன்,
மானிடோபாக்காரன், பத்தொன்பது வயது,
ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

பனியில் தடம் இருந்ததாம்:
நேராக இந்த வீட்டை நோக்கி,
கல்மதில்வரை.
பிறகு இடப்பக்கம்.
பிறகு வட்டமாக.
பிறகு சதுப்பு.

வினிஃப்ரெட் தாக்ரே அன்றிரவு
விழித்துத்தான் இருந்தாள்.
சினை ஆடொன்றுக்குச் சுகமில்லை.
விளக்கு எரிந்தது, அடுப்பும் எரிந்தது.
சட்டப்படி
ஒரு கீற்றுக்கூடக் கசியாமல்
கறுப்புத் துணி அடித்திருந்தாள் ஜன்னலுக்கு.
குறையே இல்லையென்று
அந்த வாரம்தான்
வார்டன் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

வீடு கைமாறி என்னிடம் வந்தபோது
துணி இல்லை.
ஜன்னல் சட்டத்தில் பதினோரு ஆணிகள்.
குறடு போட்டு இழுத்தேன்,
மரம் விடவில்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
வெள்ளை பூசுகிறேன்.
மேல் வரிசையில் ஐந்து,
பக்கத்துக்கு மூன்று.
கண்ணுக்குத் தெரியாது இப்போது.
தூரிகைதான்
ஒவ்வொன்றிலும் இடறுகிறது.